மேசையும் மேடையும் : செய்தி வாசிப்போர் கலைநிகழ்ச்சிகளில் தோன்றிய வரலாறு

செய்தி கூறுவோனும் மகிழ்விப்போனும் ஒருவனாகவே இருத்தல் கூடும் என்பதற்குத் தெருக்கூத்தின் கட்டியங்காரன் சான்றாவான். அரசன் வருகையை அவையோர்க்கு அறிவிப்பவன் அவனே. அவ்வரசனை முகத்தெதிரே எள்ளி நகைப்பவனும் அவனே. கதை நிகழும் இடமும் காலமும் இன்னவென அவன் கூறக் கேட்டோர் ஐயுறாது ஏற்கின்றனர். அடுத்த நொடியே அவன் ஆடும் ஆட்டத்துக்கு வயிறு குலுங்க நகைக்கின்றனர். பின்னது முன்னதைக் கெடுத்ததாகக் கூத்துக் காண்போர் எவரும் முறையிட்டதில்லை.

வானொலியும் தொலைக்காட்சியும் தோன்றிய இருபதாம் நூற்றாண்டில் இவ்விரு தொழிலும் வேறு வேறாகப் பிரிக்கப்பட்டன. பிரித்தபின், செய்தி வாசிப்பவர் ஒருவர் ஆடல் பாடல் மேடையில் ஏறினால் அது வியப்பாயிற்று; சிலபோது குற்றமும் ஆயிற்று. இப்பிரிவு எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு கடக்கப்பட்டது, கடந்தமையால் செய்தியின்பாற்பட்ட நம்பிக்கை குன்றிற்றா என்பன ஆராய்தற்குரியன. ஆங்கில நாட்டு ஒலிபரப்பு வரலாற்றில் இதற்குரிய சான்றுகள் ஆண்டு முறையே கிடைத்தலின் அதனையே முதன்மையாகக் கொண்டு, அமெரிக்க நாட்டினையும் தமிழ்நாட்டினையும் ஒப்புநோக்கிக் காண்பாம்.

பிரிவு தோன்றிய வரலாறு

பி. பி. சி. எனப்படும் நிறுவனம் தன் முதற் செய்தியறிக்கையை 1922 நவம்பர் 14ஆம் நாள் ஒலிபரப்பியது. வாசித்தவர் ஆர்தர் பரோசு என்பார். அவர் அதனை ஒருமுறை விரைந்தும் ஒருமுறை மெல்லவும் படித்து, எது கேட்போர்க்கு உகந்தது எனக் கேட்டார் என்பது சுவையானதொரு குறிப்பு. ஆயின் நம் ஆராய்ச்சிக்கு அதனினும் பயன்படுவது வேறொன்று. அதே பரோசு சிறுவர் நிகழ்ச்சியில் ‘ஆர்தர் மாமா’ என்னும் பெயரால் கதையும் விளையாட்டுப் பேச்சும் வழங்கியவர். தொடக்கத்தில் ஆங்கேயும் கட்டியங்காரன் ஒருவனாகவே இருந்தான் என்பது இதனால் விளங்கும்.

இந்நிலை நீடிக்கவில்லை. நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பேற்ற ஜான் ரீத், அறிவிப்பாளர் தம் பெயரைக் கூறுதல் ஆகாது என்னும் நெறியை வகுத்தார். குரல் ஒரு மனிதனுடையதாக இல்லாமல் நிறுவனத்தினுடையதாக ஒலித்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. மாலையில் ஒலிவாங்கியின் முன் அமர்வோர் விருந்துக்குரிய கறுப்பு உடை அணிதலும் 1920களின் இடைப்பகுதியில் வழக்கமாயிற்று. காண்பார் எவருமில்லாத அறையில் இவ்வுடை எதற்கு என நகைப்பாருளர். உடை கேட்போர்க்கன்று, வாசிப்போர்க்கே என்று கொள்ளுதல் பொருந்தும். கோயிலுள் புகுவோன் மேலாடையைக் களைவதும் கூத்தன் அரிதாரம் பூசுவதும் போல, ‘நான்’ என்பதை ஒதுக்கிவைத்தற்கு அஃது ஒரு சடங்காய் அமைந்தது.

பெயரை மறைத்துப் பெற்ற நம்பிக்கையைக் காத்தற்குப் பெயரைக் கூறவேண்டிய காலமும் வந்தது. 1940இல் செருமானியப் படையெழுச்சி அஞ்சப்பட்டபொழுது, பகைவர் பொய்யறிக்கை ஒலிபரப்பக்கூடும் என்னும் ஐயம் எழுந்தது. அதனால், வாசிப்பவர் இன்னார் எனப் பெயர் சுட்டும் முறை புகுந்தது. ஆல்வர் லிடல் போன்றோர் பெயர்கள் நாடறிந்தனவாயின. 1941இல் யார்க்சயர் வட்டாரப் பேச்சுடைய வில்பிரட் பிக்கிள்சு என்பாரை நாடு தழுவிய செய்தி வாசிக்க அமர்த்தினர். பகைவர் எளிதில் போலி செய்யவியலாத குரல் என்பது அதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. வட்டார ஒலியில் கேட்ட செய்தி சிலர்க்கு உறுத்தலாயிற்று, எதிர்ப்பும் எழுந்தது. அவர் நெடுநாள் அப்பணியில் நிற்கவில்லை. 1946இல் ஊர்தோறும் சென்று மக்களோடு உரையாடி வினாத் தொடுக்கும் மகிழ்ச்சி நிகழ்ச்சியொன்றைத் தொடங்கினார். அது 1967 வரை நடந்தது. செய்திக்குத் தடையாக நின்ற அதே பேச்சு ஈண்டுச் செல்வாக்கிற்குக் காரணமாயிற்று. செய்தியிலிருந்து மகிழ்வுக்குச் சென்றோருள் முன்னோடி இவரெனலாம். மொழிநூல் பயில்வோர் இவரைப் பற்றித் தனியே ஆராய்தல் தகும்.

முகம் வெளிப்பட்ட காலம்

பி. பி. சி. தொலைக்காட்சியில் நாள்தோறும் செய்தி வழங்கும் நிகழ்ச்சி 1954 ஜூலை 5ஆம் நாள் தொடங்கியது. ரிச்சர்டு பேக்கரின் குரல் மட்டுமே கேட்டது, முகம் காட்டப்படவில்லை. புருவத்தின் சிறு அசைவும் கருத்துரையாகிவிடும் என்று அஞ்சினர். அவிநயம் பயின்ற நம் முன்னோர் இவ்வச்சத்தை எளிதில் உணர்ந்திருப்பர். உள்ளத்து நிகழ்வன உடலில் வெளிப்பட்டே தீரும் என்பது மெய்ப்பாட்டியலின் அடிப்படையன்றோ? ஐ. டி. வி. என்னும் வணிக நிறுவனம் 1955 செப்டம்பர் 22ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்க இருந்தமையின், அதற்குச் சில நாள் முந்தியே, செப்டம்பர் 4ஆம் நாள், கென்னத் கெண்டலின் முகத்தைப் பி. பி. சி. காட்டியது. கொள்கை மாறியது போட்டியினால் என்க.

முகம் காட்டப்பட்டது உண்மை. ஆயின் மார்புக்கு மேற்பட்ட பகுதியே காட்டப்பட்டது. எஞ்சியதை மேசை மறைத்தது. கறுப்பு உடை செய்த பணியை இனி மேசை செய்தது. அதன் பின் அமர்ந்தவர்க்குக் காலில்லை, நடையில்லை, வீடில்லை, விருப்புவெறுப்பில்லை என்பதே காண்போர் மனத்தில் படிந்த ஓவியம். 1969இல் தோன்றிய மாண்டி பைத்தான் குழுவினர் இதனை நன்கு கண்டுகொண்டனர். விருந்துடை அணிந்து மேசையின் பின் அமர்ந்த அறிவிப்பாளனை மேசையோடு கடற்கரையிலும் வயல்வெளியிலும் கொண்டுபோய் வைத்தனர். வேறொன்றும் செய்ய வேண்டியிராமலே நகை பிறந்தது. 1972இல் தொடங்கிய அவர்தம் மூன்றாம் தொடரில் ரிச்சர்டு பேக்கரே தோன்றினார். எள்ளப்படுபவரே எள்ளுவோரோடு கூடி நகைத்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

ஆடவரினும் மகளிர்க்கு இம்மேசை கிட்டுதற்கரிதாயிருந்தது. 1960இல் நான் விண்டன் என்னும் அம்மையார் பி. பி. சி. தொலைக்காட்சியில் நாடு தழுவிய செய்தி வாசித்த முதற் பெண்மணியானார். பெண் செய்தி வாசித்தலைக் காண்போர் ஏற்கவில்லை என்று கூறிச் சின்னாளில் அவரை விலக்கினர். அதன்பின் நெடுங்காலம் சென்று, 1975இல்தான் ஏஞ்சலா ரிப்பன் இரவு ஒன்பது மணிச் செய்தியின் நிலையான வாசிப்பாளருள் ஒருவரானார். இப்பதினைந்து ஆண்டு இடைவெளியை மனத்திற் கொள்ளாமல் 1976இன் நிகழ்ச்சியை மதிப்பிடல் இயலாது.

1976 கிறித்துமசு நாள்

எரிக் மோர்க்கம், எர்னி வைசு என்னும் இருவர் அந்நாளில் ஆங்கில நாட்டின் தலைசிறந்த நகைச்சுவை இணையர். ஆண்டுதோறும் கிறித்துமசு இரவில் அவர்தம் நிகழ்ச்சியைக் காண்பது அந்நாட்டார்க்கு ஏறத்தாழ ஒரு குடும்ப வழக்கமாகவே இருந்தது. 1976இல் அந்நிகழ்ச்சியில் ரிப்பன் தோன்றினார். முதலில் மேசையின் பின் செய்தி வாசிப்பவராகவே காட்சி தந்தார். பின்னர் மேசை விலகிற்று. அவர் எழுந்து வந்து, காலைத் தலையளவு உயர்த்தி வீசி, இணையர் இருவரோடும் ஆடினார். ஆட்டத்தை அமைத்தவர் அந்நிகழ்ச்சியின் ஆக்குநரான எர்னசுட் மாக்சின். இளமையில் பாலே நடனம் பயின்றவராதலின் ரிப்பனின் ஆட்டத்தில் தடுமாற்றம் சிறிதுமில்லை.

இதனைக் கண்டோர் எய்திய மெய்ப்பாடு யாது? நகை என்று உடனே கூறிவிடுதல் எளிது. ஆயின் நகைக்குத் தொல்காப்பியர் வகுத்த நிலைக்களன்கள் நான்கையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் ஐயம் பிறக்கின்றது. எள்ளல் அன்று, அவரை எவரும் இகழவில்லை, அவரும் எவரையும் இகழவில்லை. இளமையின் மழலையோ பேதைமையின் அறியாமையோ மடனோ அங்கில்லை. அவர் ஆட்டம் கற்றுத் தேர்ந்த ஆட்டம். ஆகலின் அதனை மருட்கையின்பாற் படுத்தலே பொருத்தம் எனத் தோன்றுகின்றது. மருட்கைக்குரியனவாகச் சொல்லப்பட்ட நான்கனுள் புதுமையும் ஆக்கமும் ஈண்டு உள்ளன. இதுகாறும் காணாததைக் கண்ட புதுமை. ஒன்று மற்றொன்றாகத் திரிந்த ஆக்கம். நகை அதன்பின் வந்தது. வியப்புத் தணிந்தபொழுது பிறந்த நகை அது.

இவ்வேறுபாடு வெறும் இலக்கணச் சண்டையன்று. எள்ளலால் பிறந்த நகையாயின் எள்ளப்பட்டவரின் மதிப்புக் குன்றும், மருட்கையாயின் குன்றாது. நான் விண்டனுக்கு நேர்ந்ததை அறிந்தோர், பெண்மணி ஒருவர் காலை வீசி ஆடியபின் மறுநாள் போரையும் சாவையும் வாசித்தால் கேட்பாரோ என அஞ்சியிருப்பின் அஃது இயல்பே. ஆயினும் ரிப்பன் 1981 வரை செய்திப் பணியில் இருந்தார். இடையே 1977 மே 7ஆம் நாள் இலண்டன் வெம்பிளியில் நடந்த யூரோவிசன் பாட்டுப் போட்டியையும் தொகுத்து வழங்கினார். அவர் ஆடியதால் அவர் வாசித்த செய்தியை மக்கள் நம்ப மறுத்தனர் எனக் கொள்ளுதற்கு இடமில்லை. அவர் கால்களைப் பற்றியே செய்தித்தாள்கள் மிகுதியும் எழுதின என்பது வேறு குறை; அது செய்தித்தாள்களின் குறை.

அடுத்த ஆண்டு, 1977இல், அதே மேடையில் ரிச்சர்டு பேக்கர், பீட்டர் உட்சு, ரிச்சர்டு விட்மோர் முதலிய செய்தி வாசிப்போர் பிற நிகழ்ச்சித் தொகுப்பாளரோடு கூடிக் கப்பலோட்டியர் உடையில் பாடியாடினர். அவர்கள் கரணமடிப்பது போலக் காட்டப்பட்டது. மெய்யாகக் கரணமடித்தவர் உடற்பயிற்சி வல்லுநர். படத்தொகுப்பால் இருவரும் ஒருவராயினர். மேசைக்குப் பின் உடல் இருந்தது என்று ரிப்பன் காட்டினார். இவர்கள் பிறர் உடலைத் தம்முடையதாகக் காட்டினர். நகை இங்கே முழு நகை. அந்நிகழ்ச்சியைக் கண்டோர் 2 கோடியே 80 இலட்சத்துக்கு மேற்பட்டோர் எனப் பி. பி. சி. கூறியது, பின் வந்த கணக்கொன்று 2 கோடியே 13 இலட்சம் என்கின்றது. சிறிய எண்ணையே கொண்டாலும், அன்று ஏறத்தாழ 5 கோடியே 60 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் அது பெருங்கூட்டமே.

பின்னர் நடந்ததை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வழக்கமானது வியப்பாகாது. 1980இல் தொலைக்காட்சிப் பெருநிகழ்ச்சியாகத் தொடங்கிய சிறுவர் நலநிதி நிகழ்ச்சியில் செய்தி வாசிப்போர் ஆடுவது நாளடைவில் எதிர்பார்க்கப்படும் உருப்படியாயிற்று. 2004இல் தொடங்கிய ஆடற்போட்டித் தொடரின் முதல் வெற்றியாளர் நடாசா கப்லின்சுகி என்னும் செய்தி வாசிப்பாளரே. 2023இல் அதே போட்டியில் சானல் 4 செய்தியின் கிருசுணன் குருமூர்த்தி ஆடினார். எழுபத்தொன்பது அகவையினரான ஏஞ்சலா ரிப்பனும் ஆடினார். மேசையை விலக்க வேண்டிய தேவை இப்பொழுது இல்லை. அங்கே மேசையே இல்லை.

மூலமும் இடைச்செருகலும்

ஆடினால் நம்பிக்கை கெடும் என்னும் பழைய அச்சம் மெய்யாகவில்லை. அமெரிக்க நாட்டு வரலாறும் இதனை ஒருவாறு வலியுறுத்தும். ஜான் டேலி என்பார் 1941 டிசம்பர் 7ஆம் நாள் பேர்ல் துறைமுகத் தாக்குதலை வானொலியில் அறிவித்த குரல்களுள் ஒருவர். அவரே 1950 முதல் 1967 வரை ஒரு நிறுவனத்தில் தொழில் கண்டறியும் விளையாட்டு நிகழ்ச்சியை நடத்தினார். 1953 முதல் 1960 வரை போட்டி நிறுவனத்தில் செய்தித் துறைத் தலைவராகவும் செய்தி வழங்குபவராகவும் விளங்கினார். வால்டர் கிராங்கைட் 1954இல் சார்லமேன் என்னும் சிங்கப் பாவையோடு காலை நிகழ்ச்சியில் உரையாடியவர்; 1974இல் செய்தி அறையைக் களனாகக் கொண்ட நகைச்சுவைத் தொடரொன்றில் தாமாகவே தோன்றினார். இவற்றால் அவர் மதிப்புக் குறையவில்லை. 1962 முதல் 1981 வரை மாலைச் செய்தி அவர் பொறுப்பில் இருந்தது.

அங்ஙனமாயின் மேடையால் செய்திக்குத் தீங்கே இல்லையா எனின், உண்டு. அது வேறு வாயிலாக வருவது. பிரையன் வில்லியம்சு என்பார் 2004 இறுதி முதல் என். பி. சி. நிறுவனத்தின் இரவுச் செய்தியை வழங்கியவர். நகைச்சுவை மேடைகளிலும் வல்லவர்; 2007இல் சனிக்கிழமை இரவு நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றைத் தாமே முன்னின்று நடத்தினார். அவர் 2003 மார்ச்சில் ஈராக்குப் போரின்போது படை ஹெலிகாப்டர் ஒன்றில் சென்றார். தமக்கு முன் சென்ற வேறொரு ஹெலிகாப்டர் தாக்கப்பட்டது என்பதே அவர் அன்று கூறிய செய்தி. இடைப்பட்ட ஆண்டுகளில் இது சொல்லுந்தோறும் சிறிது சிறிதாக வேறுபட்டது. 2013 மார்ச்சில் டேவிட் லெட்டர்மனின் இரவு நேர உரையாடல் நிகழ்ச்சியில், தாம் இருந்த ஹெலிகாப்டரே தாக்கப்பட்டதாகக் கூறினார். 2015 சனவரி 30ஆம் நாள் அக்கூற்று அவருடைய செய்தியறிக்கைக்குள்ளேயே புகுந்தது. உடன் சென்ற படைவீரர் மறுத்தனர். இரண்டு ஹெலிகாப்டர்களைத் தம் நினைவு ஒன்றாகக் கலந்துவிட்டது என்று கூறி அவர் பொறுத்தருள வேண்டினார். பிப்ரவரியில் ஆறு திங்கள் ஊதியமின்றி விலக்கிவைக்கப்பட்டார். இரவுச் செய்தி மேசைக்கு அவர் மீளவில்லை. பிழைபட்ட கூற்றுகள் பெரும்பாலும் இரவு நேர நிகழ்ச்சிகளிலும் பொதுமேடைகளிலும் தோன்றியவை என்பதே அந்நிறுவனம் அவ்வாண்டு ஜூனில் வெளியிட்ட முடிவு.

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகியவர்க்கு இவ்வரலாறு புதிதன்று. 2003இல் மூலபாடம். கதையாகச் சொல்லுங்கால் சுவை கருதிப் புகுந்த பாடவேறுபாடு பின்னது. ஓரத்தில் எழுதப்பட்டிருந்தது, படியெடுப்போன் கையால் மூலத்துள் ஏறிவிடுதல் போல, மேடையில் பிறந்த வேறுபாடு 2015இல் மேசைக்கு ஏறிவிட்டது. வேறுபாடு என்னவெனின், சுவடியில் ஆசிரியன் வேறு, படியெடுப்போன் வேறு. இங்கு இருவரும் ஒருவரே.

இதற்குக் காரணம் ஆராயுங்கால் ஓரிலக்கண உண்மை புலப்படுகின்றது. செய்தி படர்க்கை இடத்தது. ‘அவர்’, ‘அது’, ‘அவை’ என்பனவே அதன் எழுவாய்கள். உரையாடல் மேடையோ விருந்தினரிடம் தன்மை இடத்தைக் கேட்கின்றது: நீர் என்ன கண்டீர், உமக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கின்றது. முன் சென்ற ஹெலிகாப்டர் தாக்கப்பட்டது என்பது நல்ல செய்தி. ஆயின் அம்மேடைக்கு அது போதாது. படர்க்கையில் இருந்த வினை தன்மைக்குத் திரிந்தது. ரிப்பனின் ஆட்டத்தில் இத்திரிபு இல்லை. அவர் செய்தி மேசையை விட்டு எழுந்தபொழுது செய்தியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். வில்லியம்சு செய்தியைக் கையோடு கொண்டுபோனார். நம்பிக்கை ஆட்டத்தால் கெடுவதன்று. செய்தியை மேடைக்குக் கொண்டுசென்று, மேடைக்கேற்பத் திரித்து, மீண்டும் மேசைக்குக் கொணர்தலால் கெடுவது என்பது என் துணிபு.

தமிழ்நாட்டில்

தமிழில் இவ்வரலாறு வேறு நெறியில் நடந்தது. அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்தி வாசிப்போர் தம் பெயரைத் தொடக்கத்திலேயே கூறுதல் வழக்கமாக இருந்தமையால், பெயர் மறைத்தல் என்னும் தவம் இங்கு வேரூன்றவில்லை. தில்லியிலிருந்து வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் பெயர் செய்தியோடு சேர்ந்தே மனப்பாடமானது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15ஆம் நாள் தொடங்கியபின், அதில் வாசித்தோருள் வரதராஜன் மேடை நாடகத்தில் ஈடுபாடுடையவர்; பாத்திமா பாபு திரைப்படங்களிலும் தொடர்களிலும் நடித்தவர். நிர்மலா பெரியசாமி தம் ‘வணக்கம்’ என்னும் ஒரு சொல்லின் ஒலிப்பாலேயே அறியப்பட்டவர்; பின்னர் ஜீ தமிழில் குடும்ப வழக்குகளை அவையில் வைத்து வினவும் நிகழ்ச்சியை நடத்தினார். செய்தியும் நடிப்பும் இங்கு அருகருகே வாழ்ந்தன என்பது மிகையன்று.

2019 ஜூனில் தொடங்கிய விஜய் தொலைக்காட்சியின் பிக் பாசு மூன்றாம் தொடரில் பாத்திமா பாபுவும், இலங்கை சக்தி தொலைக்காட்சியில் செய்தி வாசித்த லாஸ்லியாவும் ஒரே வீட்டில் அமர்த்தப்பட்டனர். முன்னவர் முதலில் வெளியேறினார்; பின்னவர் மூன்றாம் இடம் பெற்றுப் பின் திரைப்படங்களில் நடிக்கச் சென்றார். அடுத்த தொடரில், 2020இல், சன் தொலைக்காட்சியின் அனிதா சம்பத் பங்குகொண்டார். இவ்வீட்டில் ஆட்டம் சில நிமிடத்ததன்று. பகலும் இரவும் தன்மை இடத்திலேயே வாழ்தல் வேண்டும். தம் வாழ்வைத் தாமே கூறல் வேண்டும். அழுகையும் வெகுளியும் மறையாமல் காட்டப்படும். எட்டு மெய்ப்பாட்டையும் அடக்கியாளப் பயின்றவரை எட்டனையும் வெளிப்படுத்தும் இடத்தில் வைப்பதிலேயே இந்நிகழ்ச்சி அமைப்போரின் நோக்கம் அடங்கியுள்ளது.

தமிழ்த் திரைப்படங்களில் இதற்கு மறுதலையான வழக்கொன்று உண்டு. கதையில் செய்தியறிக்கை வருமிடத்து, நடிகரை விடுத்து உண்மைச் செய்தி வாசிப்போரையே அமர்த்துகின்றனர். 2018இல் வெளிவந்த ‘சர்கார்’ படத்தில் அனிதா சம்பத் அவ்வாறு தோன்றினார். புனைந்த செய்தி, வாசிப்பவர் உண்மையானவர், மேசை அரங்கப் பொருள். அவ்விடத்தில் அவர் ஆடுவதில்லை, பாடுவதில்லை. நாள்தோறும் வாசிக்கும் அதே குரலில், அதே முகத்தோடு, நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாக வாசிக்கின்றார்.